பழைய சொகுசுக் கார் எம்ஓடியில் தேறுமா? பிரிட்டனில் முதல்முறை வாங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக இருந்தபோது நாம் எட்டிக்கூடப் பார்க்க முடியாத கார், பதினைந்து வருடம் கழித்து ஒரு சாதாரணச் சின்னக் காரின் விலைக்கு விளம்பரத்தில் நிற்கும். தோல் இருக்கைகள், எட்டு சிலிண்டர் இன்ஜின், கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் சட்டென்று அடங்கிவிடும். பிரிட்டனில் பழைய கார் தேடுகிறவருக்கு இந்தச் சபலம் ஒருமுறையாவது வரும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: எம்ஓடி என்ற கட்டாய வாகனச் சோதனையில் இது வருஷா வருஷம் பாஸ் ஆகுமா?

என்னிடம் இதுவரை இப்படிப்பட்ட கார்கள் இரண்டு இருந்திருக்கின்றன. ஒரே தயாரிப்பாளர், ஏறக்குறைய ஒரே வயது. முதல் கார் நான்கு சோதனைகளில் மூன்றில் தோற்றது. இரண்டாவது கார் ஐந்து வருடத்தில் ஒரே ஒரு முறை, அதுவும் நம்பர் பிளேட் விளக்கு எரியாததால் தோற்றது. வித்தியாசம் காரில் இல்லை, எனக்கு முன்னால் அவற்றை வைத்திருந்தவர்களிடம் இருந்தது. காரின் விலை குறைந்துகொண்டே போகும், உதிரிபாகத்தின் விலை குறையாது. இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட உரிமையாளர் "அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று எத்தனை தடவை சொன்னார் என்பதுதான் எம்ஓடி தாளில் தெரியும். ஆகவே எந்த மாடல் பாஸ் ஆகும் என்று கேட்பதை விட, இந்தக் குறிப்பிட்ட கார் எப்படி வளர்க்கப்பட்டது என்று கண்டுபிடிப்பதில் நேரத்தைச் செலவிடுங்கள். அதற்கான வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில், எம்ஓடி எதைப் பார்க்கிறது?

போக்குவரத்து அமைச்சகம் என்ற பழைய பெயரின் ஆங்கில எழுத்துச் சுருக்கம்தான் எம்ஓடி. அமைச்சகத்தின் பெயர் மாறிவிட்டது, சோதனைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1960இல் தொடங்கியபோது பத்து வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு மட்டும்தான். பிரேக், விளக்கு, ஸ்டியரிங், அவ்வளவே. தோற்ற வண்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்து அரசே திகைத்துப் போய், அடுத்த வருடமே அதை ஏழு வயதாக்கியது. 1967இல் மூன்று வயதானது. இன்றும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் காருக்கு மூன்று வயது நிறைந்ததிலிருந்து வருடம் ஒருமுறை சோதனை. வட அயர்லாந்தில் நான்கு வயதிலிருந்து. அங்கே அரசு மையங்களே சோதிக்கின்றன. 40 வயதைத் தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்கப்படாத கார்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் நாம் பேசுவது பத்திலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் கார்களைப் பற்றி.

2018 மே 20 முதல் குறைகள் தரம் பிரிக்கப்படுகின்றன. "டேஞ்சரஸ்", "மேஜர்" என்று வந்தால் தோல்வி. "மைனர்" வந்தால் பாஸ்தான், ஆனால் சீக்கிரம் சரிசெய்ய வேண்டும். "அட்வைசரி" என்பது "இப்போது பரவாயில்லை, கண் வைத்துக்கொள்" என்று டெஸ்டர் எழுதி வைக்கும் குறிப்பு. பழைய சொகுசுக் காரின் கதை முழுக்க இந்த அட்வைசரி வரிகளில்தான் இருக்கிறது. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எம்ஓடி பார்க்காதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இன்ஜினின் நலம், கியர்பாக்ஸ், கிளட்ச் எதுவும் சோதனையில் கிடையாது. ஏசி, சன்ரூஃப், இருக்கையைச் சூடாக்கும் வசதி, திரை, ஸ்பீக்கர், மசாஜ் இருக்கை ஒன்றும் கிடையாது. அதாவது, பழைய சொகுசுக் காரில் பணத்தைத் தின்னும் பெரிய விஷயங்களில் பாதிக்கு எம்ஓடியோடு சம்பந்தமே இல்லை. கியர் மாறும்போது வயிற்றில் உதைப்பதுபோல் குலுங்கும் கார் ஒரு குறிப்புக்கூட இல்லாமல் பாஸ் ஆகும். "ஒரு வருட எம்ஓடியோடு விற்பனைக்கு" என்ற விளம்பர வரியை அந்த அளவில் மட்டும் நம்புங்கள்.

இன்னொன்று: டெஸ்டர் எதையும் கழற்றிப் பார்க்கக் கூடாது. சத்தம் குறையவும் காற்று வழுக்கிச் செல்லவும் சொகுசுக் கார்களின் அடிப்பாகத்தைப் பெரிய பிளாஸ்டிக் தகடுகளால் மூடியிருப்பார்கள். அந்தத் தகடுகளுக்கு மேலே என்ன துரு, என்ன எண்ணெய்க் கசிவு இருக்கிறது என்று டெஸ்டருக்குத் தெரியாது. "அடித்தகடு மறைக்கிறது" என்று அவர் எழுதியிருந்தால், அந்த இடத்தை யாரும் பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மாடல் வாரியான தேர்ச்சி விகிதம்

சோதனைத் தரவை அரசு பெயர், எண் நீக்கி வெளியிடுகிறது. அதை வைத்து எந்த மாடல் எத்தனை சதவீதம் தேறியது என்று பட்டியல் போடுகிறவர்கள் உண்டு. பார்க்கச் சுவையாகத்தான் இருக்கும், ஆனால் சொகுசுக் கார்களின் விஷயத்தில் அந்த எண்கள் ஏமாற்றும்.

வார இறுதியில் மட்டும் வெளியே வரும் கூபே வருடத்துக்கு இரண்டாயிரம் மைல் ஓடும். விமான நிலைய வாடகைக்கு ஓடிய அதே நிறுவனத்தின் செடான் நாற்பதாயிரம் ஓடும். இரண்டையும் அருகருகே வைத்தால் கூபே உறுதியான கார் என்று தோன்றும். வசதியுள்ளவர்கள் சோதனைக்கு முன்பே சர்வீஸுக்கு விட்டுக் குறைகளைச் சரிசெய்துவிடுவார்கள், அதனால் தோல்வி பதிவாகாது. சோதனையின்போதே கண்ட சிறு குறையை ஒரு மணி நேரத்துக்குள் அங்கேயே சரிசெய்து பாஸ் என்று பதிவதற்கும் விதியில் இடம் உண்டு. செலவுக்குப் பயந்து உடைப்புக்குப் போன கார்களோ பட்டியலிலேயே இருக்காது. பதினெட்டு வயதில் இன்னும் சோதனைக்கு வருவது யாரோ ஒருவர் ஆசையாக வைத்திருக்கும் கார்தான்.

மாடலின் அமைப்பு ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். காயில் ஸ்பிரிங்கும் எளிமையான அமைப்பும் கொண்ட லெக்ஸஸ் எல்எஸ்400 போன்ற கார் வயதாகும் விதம் வேறு. ஏர் சஸ்பென்ஷன் (இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள்) கொண்ட 1998 முதல் 2005 வரையிலான மெர்சிடீஸ் எஸ்-கிளாஸ் டபிள்யூ220 வயதாகும் விதம் வேறு. 2003இல் வந்த ஜாகுவார் எக்ஸ்ஜேக்கும் 1994இல் வந்த ஆடி ஏ8க்கும் உடல் அலுமினியம். தெருவில் உப்பு தூவும் நாட்டில் அது பெரிய ஆறுதல். ஆனால் உடல் அலுமினியம் என்பதற்காகக் கீழே உள்ள இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்காமல் இருந்துவிடாது.

வாங்கும் முன்: எம்ஓடி வரலாற்றைப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். அரசின் இணையதளத்தில் காரின் பதிவு எண்ணைப் போட்டால் 2005 முதலான சோதனைகள் அத்தனையும் இலவசமாகத் தெரியும். தேதி, மைல் கணக்கு, பாஸா ஃபெயிலா, எந்தெந்தக் குறை, எந்தெந்த அட்வைசரி. எந்த இடத்தில் சோதனை நடந்தது என்று பார்க்க மட்டும் வி5சி பதிவுப் புத்தகத்தின் எண் வேண்டும். விற்பவரிடம் கேளுங்கள், ஒளிவுமறைவு இல்லாதவர் காட்டுவார்.

புதியவர்கள் பச்சை, சிவப்பை மட்டும் எண்ணுவார்கள். அது போதாது. பழைய சோதனையிலிருந்து தொடங்கி, ஒரு குடும்பக் கதையைப் படிப்பதுபோல் மேலே வாருங்கள்.

உதாரணத்துக்கு, ஒரு காரில் முதல் வருடம் "முன்பக்கக் கீழ் ஆர்ம் புஷ் லேசாகத் தேய்ந்துள்ளது" என்று அட்வைசரி (ஆர்ம் என்பது சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கை, புஷ் அதன் முனையில் உள்ள ரப்பர்). அடுத்த வருடம் அதே வரி, கூடவே "பின் பிரேக் டிஸ்க் துருப்பிடித்துள்ளது". மூன்றாம் வருடம் இரண்டும் அப்படியே, கூடவே "பிரேக் பைப் துருப்பிடித்துள்ளது". நான்காம் வருடம் மூன்றும் சேர்ந்து ஃபெயில். ஒரு வாரம் கழித்து பாஸ். ஐந்தாம் வருடம் கார் விற்பனைக்கு வந்துவிட்டது. இந்த உரிமையாளர் சட்டம் கழுத்தைப் பிடிக்கும்வரை ஒரு பவுண்டுகூடச் செலவழிக்க மாட்டார். சோதனையில் வராத கியர்பாக்ஸ் எண்ணெயையும் கூலன்ட்டையும் அவர் மாற்றியிருப்பாரா? யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரில் வருடத்துக்கு இரண்டு அட்வைசரி வரும். ஆனால் அடுத்த வருடம் அவை இருக்காது, புதிதாக வேறு இரண்டு இருக்கும். நடுவில் ஒருமுறை ஃபெயில்கூட ஆகியிருக்கும், ஸ்பிரிங் உடைந்ததால். அன்றைக்கே பாஸ். இந்தக் காரைத்தான் நான் பார்க்கப் போவேன். ஒரு அட்வைசரியும் இல்லாமல் வரிசையாகப் பாஸ் ஆன பதினைந்து வயதுக் காரை விடவும் இதன்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். அந்த வயதில் ஒரு டெஸ்டர் எழுத எதுவுமே இல்லை என்றால், கார் மிகவும் நல்லது அல்லது டெஸ்டர் மிகவும் நல்லவர்.

மைல் கணக்கைக் கோடு போட்டுப் பாருங்கள். வருடம் எட்டாயிரம், எட்டாயிரம் என்று வந்து திடீரெனக் குறைந்தால் மீட்டரில் கை வைத்திருக்கலாம். சட்டென்று வருடத்துக்கு ஐந்நூறு மைல் என்று விழுந்தால் அது வேறு விதமான எச்சரிக்கை. நின்றே கிடக்கும் காரில் பிரேக் இறுகும், டிஸ்க் துருவேறும், டயரின் பக்கச்சுவரில் வெடிப்பு விழும், பேட்டரி சாகும். "ரொம்பக் குறைவாகத்தான் ஓடியிருக்கிறது" என்பது விற்பவருக்குப் பெருமை, உங்களுக்கு வேலை.

தோல்விகளையும் ஒரே தராசில் போடாதீர்கள். விளக்கு, வைப்பர் பிளேடு, டயர் ஆகியவற்றால் தோற்பது அசட்டைதான், பயப்பட வேண்டியதில்லை. சீட்பெல்ட், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் பொருத்தப்பட்ட இடங்களைச் சுற்றி 30 செ.மீ.க்குள் அரிக்கும் துரு என்று எழுதியிருந்தால் அது வெல்டிங் வேலை. ஒருமுறை வெல்டிங் போட்ட காரில் அது அடுத்தடுத்த வருடங்களில் திரும்ப வந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

நேரில் பார்க்கப் போகும்போது

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: "நான் வரும்வரை காரைக் கிளப்ப வேண்டாம், நேற்று நிறுத்திய இடத்திலேயே இருக்கட்டும்." இதற்கு இரண்டு காரணம். ஏர் சஸ்பென்ஷன் கசிந்தால் இரவோடிரவாக ஒரு மூலை கீழே உட்கார்ந்திருக்கும். கிளப்பியதும் கம்ப்ரஸர் காற்றடித்துத் தூக்கிவிடும், அப்புறம் உங்களுக்குத் தெரியாது. சின்னக் கசிவை விட்டுவைத்தால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் எரிந்துபோகும். இரண்டாவது காரணம் புகை. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிச் சில நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிறகு ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லிப் பின்னால் நில்லுங்கள். நீலப் புகை திரண்டு வந்தால் எண்ணெய் எரிகிறது. 2000களின் பிஎம்டபிள்யூ வி8 இன்ஜின்களில் வால்வு சீல் இறுகிப்போய் இப்படி வருவது மெக்கானிக்குகள் நன்றாக அறிந்த கதை. அடர்ந்த நீலப் புகையோடு எம்ஓடி கிடைக்காது.

அடுத்தது டாஷ்போர்டு. சாவியைத் திருப்பியதும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒருமுறை எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அணைகின்றனவா என்பதோடு, முதலில் எரிகின்றனவா என்பதையும் பாருங்கள். ஏர்பேக் விளக்கைச் சரிசெய்வதற்குப் பதில் அதன் இணைப்பையே பிடுங்கிவிட்ட கார்கள் உண்டு. ஏபிஎஸ், ஏர்பேக், வழுக்கல் தடுப்பு இவற்றில் எந்த விளக்கு அணையாமல் நின்றாலும் ஃபெயில். இன்ஜின் எச்சரிக்கை விளக்குக்கும் அப்படியே, பெட்ரோல் காரில் 2003 ஜூலை முதல் ஓடத் தொடங்கியவற்றுக்கும் டீசலில் 2008 ஜூலை முதலானவற்றுக்கும். 2012 தொடக்கத்திலிருந்து ஓடும் கார்களில் டயர் அழுத்த எச்சரிக்கையும் சேரும்.

சொகுசுக் கார் மற்ற கார்களை விட அதிகம் அடிபடுவது இந்த விளக்குகளில்தான். சாதாரணக் காரில் இல்லாத பத்து அமைப்புகள் இதில் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார், ஒரு விளக்கு. ஆனால் எல்லாமே பெரிய செலவில் முடிவதில்லை. ஏர்பேக் விளக்குக்குப் பல சமயம் இருக்கைக்கு அடியில் உள்ள மஞ்சள் இணைப்பு தளர்ந்ததே காரணம். மின்சார இருக்கை முன்னும் பின்னும் போய்வந்து கம்பியை இழுத்துவிடும். பயணி இருக்கையில் ஆள் இருக்கிறாரா என்று உணரும் பாய் கெட்டுப்போவதும் சகஜம். பேட்டரி பலவீனமானாலே இந்தக் கார்கள் சம்பந்தமில்லாத பத்து எச்சரிக்கைகளைக் கொட்டும். அதற்காக "பேட்டரிதான் காரணம், மாற்றினால் போய்விடும்" என்று விற்பவர் சொன்னால், மாற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

டயரை வெளியிலிருந்து பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, உள் விளிம்பைத் தடவிப் பாருங்கள். கனமான கார், அகலமான டயர், கொஞ்சம் மாறிப்போன அலைன்மென்ட் மூன்றும் சேர்ந்தால் வெளியே நன்றாக இருக்கும் டயரில் உள்ளே கம்பி தெரியும். கம்பி தெரிந்தால் அது டேஞ்சரஸ். சட்டப்படி டயரின் அகலத்தில் நடு முக்கால் பகுதியில் சுற்றிலும் 1.6 மி.மீ. பள்ளம் வேண்டும். சொகுசுக் காருக்கு நான்கு டயர் மாற்றும் செலவை வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள், பேரம் பேச உதவும். மலிவான, பெயர் தெரியாத நான்கு வெவ்வேறு டயர்கள் மாட்டியிருந்தால் அதுவும் உரிமையாளரைப் பற்றிய சேதிதான்.

பொதுவாக எங்கே தோற்கும்?

பிரிட்டனில் எல்லாக் கார்களையும் சேர்த்துப் பார்த்தால் விளக்கு, சஸ்பென்ஷன், பிரேக், டயர் என்ற நான்கும்தான் தோல்விக்கு முதல் காரணங்கள். சொகுசுக் காரிலும் இவைதான், ஆனால் ஒவ்வொன்றும் சற்று வேறு முகத்தோடு வரும்.

சஸ்பென்ஷனைத்தான் முதலில் சொல்வேன். மிதப்பதுபோன்ற ஓட்டத்துக்காக ஒவ்வொரு சக்கரத்துக்கும் நான்கைந்து ஆர்ம்கள் இருக்கும். ஒவ்வொரு ஆர்மின் முனையிலும் ரப்பர் புஷ் அல்லது பால் ஜாயின்ட். இரண்டு டன் எடையை இவை வருடக்கணக்கில் தாங்குகின்றன. டெஸ்டர் கம்பி போட்டு நெம்பும்போது ஆட்டம் தெரிந்தால் முடிந்தது. ஒன்று தேய்ந்தால் மற்றவையும் அதே வயது என்பதை மறக்க வேண்டாம். ஒவ்வொரு வருடமும் ஒன்றொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் கூலியும் அலைன்மென்ட்டும் கொடுப்பதை விட, ஒரு பக்கத்துக்கான முழு செட்டை ஒரே தடவையில் மாற்றுவது பெரும்பாலும் லாபம். முதல் காரில் நான் இதைப் புரிந்துகொள்ள மூன்று வருடம் ஆனது.

விளக்குகளில், செனான் ஹெட்லைட் தானாக மட்டம் சரிசெய்யும் அமைப்போடு வரும். அதற்கான சென்சார் சஸ்பென்ஷனோடு ஒரு சின்னக் கம்பியால் இணைந்திருக்கும். அந்தக் கம்பி துருப்பிடித்து முறிந்தால் வெளிச்சம் காலடியில் விழும், ஃபெயில். மலிவாகச் சரிசெய்யக்கூடிய குறை, ஆனால் தேடத் தெரியாதவர் முழு ஹெட்லைட்டையும் மாற்றச் சொல்வார். ஹாலஜன் விளக்குக்குள் செனான் பல்பு திணித்திருந்தாலும் தோல்விதான். எல்ஈடி விளக்கில் பாதிப் புள்ளிகள்வரை அணைந்தால் மைனர், பாதிக்கு மேல் போனால் மேஜர். அப்போது ஒரு பல்பை மாற்றி முடிக்க முடியாது, பெரும்பாலும் முழு விளக்கையும் வாங்க வேண்டும். மங்கிய ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் போட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பிரேக்கில் பேட் 1.5 மி.மீ.க்குக் கீழே போனால் தோல்வி. ஆனால் பேட்டை விடக் கவலை தருவது பைப்கள். உப்புத் தெருவில் ஓடிய இரும்புப் பைப் துருவேறும். பின்பக்கத்தில் அவை பெட்ரோல் டாங்கிக்கு மேலே போகும் கார்களில் கூலியே கொழுத்துவிடும். மின்சார ஹேண்ட் பிரேக்கை நாள்தோறும் பயன்படுத்துங்கள். ஆட்டோமேட்டிக் என்பதால் வெறும் "பி"யில் நிறுத்தியே பழகியவர்களின் காரில் அது இறுகிப்போய் சோதனையன்று மானத்தை வாங்கும்.

புகைச் சோதனையில் நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் கார் பயப்பட வேண்டியதில்லை. டீசலில் புகை வடிகட்டியைத் தோண்டி எடுத்துவிட்டு மூடியிருந்தால் தோல்வி. வடிகட்டி இருந்தும் எந்த நிறத்திலாவது புகை தெரிந்தாலும் தோல்வி. லண்டன்வாசிகளுக்கு ஒரு கிளைச் செய்தி: எம்ஓடி பாஸ் ஆவதும், அதிகம் மாசுபடுத்தும் வண்டிகளுக்கு அங்கே விதிக்கும் யூலெஸ் கட்டணத்திலிருந்து தப்புவதும் வேறு வேறு. பொதுவாகப் பெட்ரோல் கார் யூரோ 4, டீசல் யூரோ 6 தரத்தில் இல்லையென்றால், பாஸ் சான்றிதழ் கையில் இருந்தாலும் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு.

சோதனைக்கு முந்தைய வாரம்

இருக்கும் சான்றிதழ் முடிவதற்கு ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக இருக்கும்போதே சோதனை செய்துகொள்ளலாம், அடுத்த வருடத் தேதி மாறாது. அந்த மாதத்தை விட்டுவிடாதீர்கள். தோற்றால் உதிரிபாகம் தேட நேரம் கிடைக்கும். இந்தக் கார்களுக்குச் சில பாகங்கள் நாள்கணக்கில் காத்திருந்துதான் வரும்.

முந்தைய வார இறுதியில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து எல்லா விளக்கையும் போட்டுப் பாருங்கள். மேலே உள்ள மூன்றாவது பிரேக் விளக்கும் நம்பர் பிளேட் விளக்கும் மறக்கப்படும் இரண்டு. வைப்பர், வாஷர் தண்ணீர், ஹாரன். ஒவ்வொரு சீட்பெல்ட்டையும் முழுக்க இழுத்துப் பூட்டி விடுவித்துப் பாருங்கள், பின்னால் நடுவில் உள்ளது உட்பட. முன்கதவுகள் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்க வேண்டும். கண்ணாடியில் ஓட்டுநர் முன்னால் 10 மி.மீ.க்கு மேலும், வைப்பர் துடைக்கும் மற்ற இடத்தில் 40 மி.மீ.க்கு மேலும் சேதம் இருந்தால் சோதனைக்கு முன் சரிசெய்துவிடுங்கள். டிக்கியிலும் பின் இருக்கையிலும் உள்ள சாமான்களை எடுத்துவிடுங்கள்.

சோதனை நாளன்று இருபது முப்பது நிமிடமாவது நல்ல வேகத்தில் ஓட்டி, இன்ஜினும் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் நன்றாகச் சூடான பிறகு கொண்டுபோங்கள். ஏர் சஸ்பென்ஷன் கார் என்றால் லிஃப்டில் ஏற்றும் முன் அதை எந்த நிலையில் வைக்க வேண்டும் என்று டெஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். கையேட்டில் இருக்கும். சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டாம், அவரே சந்தோஷப்படுவார்.

எங்கே கொண்டுபோவது?

காருக்கான அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு. பல கராஜ்கள் அதற்கும் குறைவாகச் செய்யும். குறைந்த கட்டணம் என்பது சிலருக்குத் தூண்டில்தான், லாபம் பழுதுவேலையில் இருக்கிறது. பெரிய காரை ஓட்டிக்கொண்டு போனால் பெரிய பில் போடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. எனக்கே ஒரு இடத்தில் நான்கு ஆர்மும் போய்விட்டது என்றார்கள். இன்னொரு இடத்தில் நெம்பிப் பார்த்தபோது ஒன்றுதான் ஆடியது.

பல உள்ளாட்சி மன்றங்கள் தங்கள் சொந்த வாகனங்களுக்காக எம்ஓடி மையம் வைத்திருக்கின்றன, அவை பொதுமக்களின் கார்களையும் சோதிக்கும். பெரும்பாலும் அங்கே பழுதுவேலை கிடையாது. இல்லாத குறையைக் கண்டுபிடிக்கவும் இருக்கும் குறையை மறைக்கவும் அவர்களுக்குக் காரணம் இல்லை. வாங்கிய முதல் வருடம் அங்கே கொண்டுபோங்கள். கண்டிப்பாக இருப்பார்கள், நீண்ட அட்வைசரிப் பட்டியலோடு திரும்புவீர்கள். அதைத்தான் நாம் தேடுகிறோம். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு அந்த வகைக் காரை நன்றாகத் தெரிந்த, அதிகாரபூர்வ டீலர் அல்லாத ஒரு தனி மெக்கானிக்கிடம் போங்கள். டீலர் விலையில் இந்தக் கார்களைப் பராமரித்தால் இரண்டே வருடத்தில் வெறுத்துப் போவீர்கள்.

தோற்றுவிட்டால்

முதலில் தாளைப் பாருங்கள். டேஞ்சரஸ் என்று எழுதியிருந்தால் அங்கிருந்து ஓட்டிச் செல்லக் கூடாது. 2,500 பவுண்டுவரை அபராதம், தடை, உரிமத்தில் மூன்று புள்ளிகள் வரலாம். மேஜர் மட்டும் என்றால், பழைய சான்றிதழுக்கு இன்னும் நாள் இருந்து காரும் சாலையில் ஓடத் தகுதியாக இருந்தால் எடுத்துச் செல்லலாம். சான்றிதழ் முடிந்துவிட்டால் பழுதுபார்க்கும் இடத்துக்கோ, முன்பதிவு செய்த சோதனைக்கோ போவதற்கு மட்டும்தான் ஓட்டலாம். அதை மீறினால் 1,000 பவுண்டுவரை அபராதம்.

அங்கேயே விட்டுச் சரிசெய்தால் பத்து வேலை நாளுக்குள் செய்யும் பகுதி மறுசோதனைக்குக் கட்டணம் இல்லை. வெளியே எடுத்துப் போய், விளக்கு, டயர், வைப்பர் போன்ற சில குறைகளை மட்டும் சரிசெய்து அடுத்த வேலை நாள் முடிவதற்குள் திரும்பினாலும் இலவசம். மற்றவற்றுக்குப் பத்து வேலை நாளுக்குள் வந்தால் பகுதிக் கட்டணம்.

முடிவு தவறு என்று உறுதியாகத் தோன்றினால் விடி17 படிவத்தில் 14 வேலை நாளுக்குள், எம்ஓடியை மேற்பார்வையிடும் அரசு அமைப்பான டிவிஎஸ்ஏவிடம் முறையிடலாம். அதுவரை அந்தக் குறையில் கை வைக்கக் கூடாது, வைத்தால் அவர்கள் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது. மறுபடி முழுக் கட்டணம் கட்ட வேண்டும், முறையீடு சரியென்றால் பணம் முழுதாகவோ பகுதியாகவோ திரும்பும்.

பாஸ் ஆகி வந்த அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அட்வைசரி வரிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு மாதத்தைப் போடுங்கள். பிரேக் பைப்புக்கு அடுத்த மாதம், புஷ்ஷுக்குக் கோடைக்கு முன், டயருக்குக் குளிர்காலத்துக்கு முன் என்று. செலவு பிரிந்துவிடும், அடுத்த வருடத் தாளில் அந்த வரிகளும் இருக்காது. அப்படியே அரசின் இலவச நினைவூட்டலுக்கும் பதிந்துவிடுங்கள், தேதி நெருங்கும்போது ஈமெயிலோ குறுஞ்செய்தியோ வரும்.